எட்டு வழிச்சாலை நாவலில் தீர்ப்புத் தேதி வேண்டுமா?

அம்மாப்பேட்டைக்காரி:

குப்பனூர், அடிமலைப்புதூர் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு 2018-இல் கல் நட்டார்களே, அதை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாக்குத் தோப்பு வைத்திருக்கும் ஒரு அம்மாதான் கதை. மகன் திருப்பூரில் இருக்கிறான், பட்டா அம்மா பேரில்.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பாணையை ரத்து செய்தது. கடைசி அத்தியாயத்தை அதோடு முடித்து வைத்தேன். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பாணை செல்லும் என்று சொல்ல, அந்த அத்தியாயம் அலமாரிக்குப் போனது. இப்போது ஒரு பதிப்பாளர், "அது ஆறிப்போன விஷயம்மா" என்கிறார்.

எனக்கு அது பிடிபடவில்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை வைத்து எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979-இல் வந்தது. அன்றைய கூலிக் கணக்கு இன்று யாருக்கு வேண்டும்? ஆனால் அந்த உப்புத் தண்ணீரில் நின்ற கால் படிக்கிறவருக்கு இன்னும் எரிகிறதே. செய்தி ஆறட்டும், நல்லதுதான். ஆறின பிறகுதான் தொட்டுப் பார்க்க முடிகிறது.

கேள்வி இதுதான்: 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி, தீர்ப்புத் தேதி, இதையெல்லாம் உள்ளே விடுவதா? விட்டால் எவ்வளவு?

ஓய்வுபெற்ற சர்வேயர்:

அம்மா, தீர்ப்பை விடுங்கள், நோட்டீசை எடுங்கள். அதில் சர்வே எண், உட்பிரிவு, அப்புறம் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். உங்கள் பாத்திரத்துக்கோ ஏக்கரும் சென்டும்தான் தெரியும். ஒரு சென்ட் என்பது நாற்பது சதுர மீட்டர் சொச்சம். தன் நிலம் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள அந்த அம்மா யாரிடமாவது காகிதத்தை நீட்டியாக வேண்டும். யாரிடம் நீட்டுகிறார், அவர் சரியாகச் சொல்கிறாரா, அங்கேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது.

இன்னொன்று. மரத்துக்குத் தோட்டக்கலைத் துறை தனியாக விலை போடும், வீட்டுக்கும் கிணற்றுக்கும் பொதுப்பணித் துறை. காய்க்கிற மரம், காய்க்காத மரம் என்று பிரிக்கும்போதுதான் சண்டையே வரும். அடுத்த வருஷம் காய்க்கப் போகிற கன்றை எதில் சேர்ப்பது?

ஏற்காடு வாசகன்:

நாவலில் ஒருத்தர் பேப்பரை விரித்து ஒரு பக்கத்துக்குச் செய்தி வாசித்தால் நான் மூடி வைத்துவிடுவேன். கிலோமீட்டர், கோடி எல்லாம் பின்னட்டைக்குப் போகட்டும், அக்கா.

தேதிக்குப் பதில் பருவத்தைப் போடுங்கள். அந்த டிசம்பர் தீர்ப்பு வந்தபோது இங்கே காப்பிப் பழம் பறிப்பு. எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது, எட்டாம் தேதி என்று இல்லை. கல் நட்டது ஜூன் மாதம் என்றால் கீழே மாம்பழம் முடிகிற சமயம். சேலத்துக்காரனுக்கு அது போதும்.

அம்மாப்பேட்டைக்காரி:

பருவம் சரி, தம்பி. ஆனால் தேதியை முழுக்க எடுக்க மனசில்லை. 2019 ஏப்ரல் என்றால் தேர்தல் நேரம். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் தோப்பு வாசலில் என்ன பேசினார்கள் என்பது கதைக்கு வேண்டும். தீர்ப்பை யாரும் வாசிக்க வேண்டாம், மகன் போனில் பாதி சொல்லும்போது சார்ஜ் தீர்ந்துபோகட்டும். கன்று விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஐயா. ஒரே சந்தேகம்: அளக்கும்போது டேப்பின் மறுமுனையை யார் பிடிப்பார்?

ஓய்வுபெற்ற சர்வேயர்:

வழக்கமான அளவை என்றால் ஊர் ஆள் யாராவது பிடிப்பார், சில நேரம் நிலத்துக்காரரே பிடிப்பார். 2018-இல் பல இடங்களில் போலீஸ் காவலோடு அளந்தார்கள், அங்கே ஊர்க்காரர் யார் வந்து பிடிப்பார்? இரண்டு முனையிலும் ஊழியர்களையே நிறுத்துங்கள். அந்த அம்மா கையில் மட்டும் டேப்பைக் கொடுத்துவிடாதீர்கள், சினிமா ஆகிவிடும்.