மின்கையொப்பமா, மின்னொப்பமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு வகுப்புக்கு வரும் மூத்தோருக்காக ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். போனில் விரலால் போட்ட கையெழுத்து செல்லுமா என்று கேட்கிறார்கள். மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கையொப்பத்தைத் தள்ளக்கூடாது என்கிறது நம் தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வேறொரு சட்டம் கையொப்பம் கேட்டு, எவ்வகை என்று சொல்லாமல் விட்டால், சாதாரண வகை போதாது. உயர்ந்த வகைதான் வேண்டும். உயிலும் நிலவிற்பனையும் இதற்குள் வரவே வராது. உயர்ந்த வகையை (ஆங்கிலத்தில் 'advanced electronic signature') 'மேம்பட்ட மின்கையொப்பம்' என்று எழுதியிருந்தேன். "எழுத்து அழகா இருக்கணுமா டீச்சர்?" என்றார் ஒரு பாட்டி. வேறு சொல் தாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:
டீச்சரம்மா, முதலில் 'கை'யை எடுங்கள். மின்னஞ்சலின் அடியில் தட்டிய பெயரே கையொப்பம்தான் என்று 2014இல் நம் உச்ச மேல்முறையீட்டு மன்றம் ஸ்பிரிங் ஃபாரஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் கை எங்கே? சோழர் கல்வெட்டுகளில் 'இவை இன்னான் எழுத்து' என்று முடிப்பார்கள், அங்கும் கை இல்லை. சுந்தரர் தன் அடிமை என்று கிழவராக வந்த சிவன் ஓலை காட்டிய திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நினையுங்கள். சுந்தரர் கிழித்தது படியோலை. கிழவர் மூலவோலையை அவையில் நீட்ட, பாட்டனார் எழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கினார்கள். ஒப்பு என்பதுதான் உயிர். மின்னொப்பம் என்றே எழுதுங்கள். ஆவணத்துக்கு மின்னோலை.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து:
ஐயா, ஒப்பம் என்றால் மெருகு என்றும் பொருள் உண்டே. பாட்டி திரும்பவும் அழகுக்கே போவார். நம் வீடுகளில் 'கையெழுத்துப் போடு' என்பார்கள், 'சைன் பண்ணு' என்பார்கள். இலங்கையார் கைச்சாத்து என்பார்கள், அருமையான சொல், இங்கே யாருக்கும் தெரியாது. தனிமடலில் ஒருவர் 'மின்ரேகை' என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அது வேண்டாம். அன்றைய டிரான்ஸ்வாலில் இந்தியரிடம் கைரேகை கேட்ட சட்டத்தை எதிர்த்து, 1908இல் இந்த ஊரில்தான் பதிவுச்சீட்டுகளைக் கொளுத்தினார்கள். அந்தச் சொல்லை நம் கிழவிகளிடம் திரும்ப நீட்ட எனக்கு மனம் வரவில்லை. 'மேம்பட்ட' என்பதற்குப் பதில் 'சான்றுபெற்ற' போடலாமே?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
தனிமடல்களையும் சேர்த்தால் நால்வர் மின்கையொப்பம் என்கிறீர்கள், ஐயா ஒருவர் மின்னொப்பம். நேரமில்லை, நால்வர் பக்கமே போகிறேன். மின்னாவணம் இருக்கட்டும், மின்னோலை என்றால் கல்யாண ஓலை என்று நினைப்பார்கள். 'சான்றுபெற்ற மின்கையொப்பம்' என்று பாட்டியிடம் வாசித்தேன். "சான்று யார் குடுப்பா?" என்றார். அதைத்தானே கேட்கவேண்டும்! தென்னாப்பிரிக்க ஏற்பளிப்பு ஆணையம் என்று அடுத்த வரியிலேயே சேர்த்துவிட்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:
அந்த ஆணையம் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் சான்று தருவதில்லை அம்மா. கையொப்பத்தை உறுதிசெய்யும் சேவைக்குத்தான் ஏற்பளிக்கிறது. ஆகவே 'ஏற்புச்சேவை மின்னொப்பம்'. அச்சுக்குப் போய்விட்டதா?