அம்மா ஒரு காலிலேயே பாரம் போட்டு நிற்கிறார்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, பக்கவாதம் வந்து 7 மாதம் ஆகிறது. இடது கால்தான் பலவீனம். நேற்று எடை பார்க்கும் மெஷின் இரண்டை ஒட்டிவைத்து, காலுக்கு ஒன்றாக ஏறி நிற்கச் சொன்னேன். வலதில் 39 கிலோ, இடதில் 17. மனசு கலங்கிவிட்டது. அவரோ நேராக நிற்பதாகத்தான் நினைக்கிறார்! பாரம் ஒரே பக்கம் சாய்ந்தால் சமநிலையைக் காக்கும் வேலை பெரும்பாலும் அந்தக் காலுக்கே போகிறது. தடுமாறும்போது அதைச் சட்டென்று தூக்கி எட்டு வைக்கவும் முடியாது. லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போதே ஆடுகிறார். அடுத்த பிசியோ சந்திப்பு இன்னும் மூன்று வாரத்தில்தான்.

வீட்டில் கண்ணாடி முன் நிற்கவைத்துப் பாரம் மாற்றப் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? எதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னீர்கள்? நான் அவருடைய இடது பக்கம் நிற்பதுதான் சரியா?