பாயசத்தில் அப்பளம் நொறுக்குகிறவர்கள் யார் யார்?

நாஞ்சில் மருமகள்

பிறந்தது கும்பகோணம், வாழ்க்கைப்பட்டது நாகர்கோவில். எங்கள் பக்கத்துப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே பாயசம் வரும். கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். அப்பளம் அதற்கு முன்பே, சாம்பாரோடு தீர்ந்திருக்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

நாஞ்சில் நாட்டுப் பந்தி அப்படியில்லை. முதலில் பருப்பும் நெய்யும். அதில் ஒரு பப்படத்தை நொறுக்கிப் பிசைவார்கள். இன்னொரு பப்படம் இலையோரம் சும்மா கிடக்கும். ரசம் வரை முடித்த பிறகு அடைப்பிரதமன் என்கிற பாயசத்தை நேராக இலையிலேயே ஊற்றுவார்கள், கிண்ணம் எல்லாம் இல்லை. வாழைப்பழத்தை உரித்து அதில் போட்டு மசித்து, ஒதுக்கி வைத்த பப்படத்தை மேலே நொறுக்கி, கையை ஓட்டிப் பிசைந்து சாப்பிடுவார்கள். நான் வழக்கம்போல அப்பளத்தை முன்னாலேயே முடித்திருந்தேன். மாமியார் என் இலையைப் பார்த்துவிட்டு, “எதுக்கு மக்களே அதுக்குள்ள தின்னு தீர்த்த, பிரதமனுக்கு வேண்டாமா?” என்றார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொன்று போடச் சொன்னதும் அவர்தான்.

உளுந்தில் உப்பும் அப்பளக்காரமும் சேர்த்து இட்டு, தேங்காயெண்ணெயில் பொரித்த பப்படம். வெல்லமும் தேங்காய்ப்பாலும் நாக்கில் படிந்து திகட்டத் தொடங்கும் இடத்தில் அந்த உப்பு வந்து அதை வெட்டிவிடுகிறது. பழம் கொஞ்சம் புளிப்பைக் கொண்டுவருகிறது. மட்டிப்பழம் கிடைத்தால் இன்னும் விசேஷம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய சின்ன விரல் பழம் அது, மணம் தூக்கலாக இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கிண்ணத்தில் ஒரு வாய்க்கு மேல் இறங்காத பிரதமன் இலையில் இரண்டு கரண்டி போகிறது.

போளியும் பால்பாயசமும் மட்டும் இன்று வரைக்கும் எனக்கு ஒட்டவில்லை. மஞ்சளாக, மெல்லிசாக இருக்கும் போளியைப் பிய்த்து அதன்மேல் பால்பாயசம் விட்டுப் பிசைவார்கள். திருவனந்தபுரம் வரை இந்தப் பழக்கம் உண்டு. இனிப்பின் தலையில் இன்னொரு இனிப்பு. நடுவில் புகுந்து சண்டை போட ஒருவரும் இல்லை. என் கணவர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

சாத்தூர்க்காரன்

அக்கா, நீங்கள் சொல்லும் அந்த வெட்டுகிற வேலையை எங்கள் பக்கம் சேவு செய்கிறது. அல்வா வாங்கினால் கூடவே ஒரு பிடி மிக்சரோ காராச்சேவோ கையில் இருக்க வேண்டும். ஒரு வாய் அது, ஒரு வாய் இது. சேவு இல்லாமல் அல்வா தின்கிறவனை நான் நம்புவதில்லை.

தயிர்சாதத்துக்குக் காராச்சேவு, சரி. பருப்பு சாதத்துக்குக் காராச்சேவு, சரி. சாம்பார் சாதத்தில் போட்டால் ஊறிச் சவசவவென்று ஆகிவிடும், அது சேவுக்குச் செய்கிற துரோகம்.

கறுத்தக்கொழும்பான்

எங்கட யாழ்ப்பாண வீட்டில் புட்டும் மாம்பழமும் ஒரு முழுச் சாப்பாடு. அரிசிமாப் புட்டு, பக்கத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். தோலைச் சீவி, சதையைப் பிசைந்து, புட்டோடு உருட்டி வாயில் போட வேண்டியதுதான். இதில் யாரும் புதுமை காண மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் முகம் சுழிப்பது அதற்கு முன்னால் நடப்பதைப் பார்த்துத்தான். முதல்நாள் மீன்குழம்பைச் சூடாக்கி, அதே புட்டில் ஒரு பாதியை அதோடு சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமலே மாம்பழத்துக்குப் போவோம். விரலில் மிச்சமிருக்கும் புளியும் மிளகாயும் மாம்பழத்தில் ஏறும். அம்மம்மா அதைத்தான் ருசி என்பார். மீன்குழம்பு முதல்நாளையதாக இருக்க வேண்டும், அன்று வைத்த குழம்பில் அந்தச் சேர்க்கை வராது.

பாற்சோறும் அப்படித்தான். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றைத் தட்டையாக அமர்த்தி, துண்டு துண்டாக வெட்டி வைப்பார்கள். வீட்டில் பாதிப் பேர் வாழைப்பழமும் சர்க்கரையும் எடுப்பார்கள், பாதிப் பேர் சிங்கள அயலவர்கள் போல லுணுமிரிஸ் எடுப்பார்கள், அதாவது செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்து தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விட்டது. நான் ஒரே துண்டில் இரண்டும் வைப்பேன். வீட்டில் இரண்டு கட்சியும் என்னைச் சேர்ப்பதில்லை.

சீனி போடாத தேத்தண்ணியில் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பதை யாரும் இங்கே விநோதம் என்று எழுதிவிட வேண்டாம். அது இயல்பு.

கொத்தமல்லி வேண்டாம்

இங்கே எல்லோரும் சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குப் பச்சைக் கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி இருக்கும். ரசத்தில் கடைசியாகத் தூவுவார்களே, அந்த ஒரு கிள்ளு போதும், குளியலறை வாசனை வந்துவிடும். வீட்டில் “ரொம்பத்தான் பண்ணுற” என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், தனியா விதையில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, மல்லிக்காப்பி கூடக் குடிப்பேன்.

2012-இல் இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தன என்று தெரிந்த பிறகுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. கொத்தமல்லித் தழையின் வாசனைக்குக் காரணமான ஆல்டிஹைடு என்கிற வேதிப்பொருள்களில் சில சோப்பிலும் உண்டு. சிலருடைய மூக்கில் வாசனை அறியும் மரபணுக்களில் ஒன்றான ஓஆர்6ஏ2-க்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன வித்தியாசம், இந்தச் சோப்பு மணம் தெரிவதோடு தொடர்புடையது என்றது ஒரு ஆய்வு. கனடாவில் இளைஞர்களிடம் நடந்த மற்றொன்றில், தெற்காசிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் கொத்தமல்லி பிடிக்கவில்லை. கிழக்காசிய வம்சாவளியினரில் அது 21. நூற்றுக்கு ஏழு என்றால் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் எனக்குத் துணைக்கு ஆள் இருக்க வேண்டும். வெளியே வாருங்கள், ஒளிந்துகொள்ளாதீர்கள்.

கொங்கு வாய்

கோயம்புத்தூர். சந்தகைக்கு, அதாவது எங்கள் ஊர் இடியாப்பத்துக்கு, எள்ளுப்பொடியும் நாட்டுச்சர்க்கரையும். ரவை உப்புமாவுக்குச் சர்க்கரை, வாழைப்பழமும் கிடைத்தால் ரெண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உப்புமா தனியாக உள்ளே இறங்காது என்பதை ஒப்புக்கொண்ட நேர்மையான ஊர் எங்களுடையது.

சாத்தூர்க்காரன்

உப்புமாவையும் கேசரியையும் ஒரே தட்டில் வைத்து சௌசௌ பாத் என்று பெங்களூரில் விற்கிறார்கள் அண்ணே. நீங்கள் தனி ஆள் இல்லை.

கண்டதைத் தின்னி

எனக்கு ஒரு எரிச்சல் இருக்கிறது, கொட்டிவிடுகிறேன். ஆரஞ்சுக் குளிர்பானத்தில் வேகவைத்த நூடுல்ஸ், சாக்லேட் ஊற்றிய தோசை, ஐஸ்கிரீம் வைத்த பரோட்டா. ஒரு தள்ளுவண்டியில் அந்த நூடுல்ஸைக் காசு கொடுத்துச் சாப்பிட்டேன். மசாலா ஒரு பக்கம் இழுக்க, சர்க்கரை மறு பக்கம் இழுக்க, நடுவில் நான். செய்தவரிடம் “நீங்க இதைச் சாப்பிடுவீங்களா?” என்று கேட்டேன். “நமக்கெதுக்குண்ணே, வீடியோ எடுக்க வர்றவங்களுக்கு” என்றார். புட்டும் மாம்பழமும் யாரோ வீட்டில் பசித்தபோது பிறந்திருக்கும். இவை கேமராவுக்குப் பிறந்தவை.

அதற்காகப் புதிதாக வருவதெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். அன்னாசி வைத்த பீட்சாவை 1962-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு உணவகக்காரர், கிரேக்கத்திலிருந்து வந்தவர், சும்மா போட்டுப் பார்த்து ஆரம்பித்தார். இன்றுவரை உலகம் அதற்கு இரண்டு கட்சியாக நிற்கிறது. நான் அன்னாசிக் கட்சி. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டு தின்றவனுக்கு அதில் அதிர்ச்சி என்ன இருக்கிறது?

நாஞ்சில் மருமகள்

இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. 2015-இல் ஜோத்பூர் ஐஐடியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சமையல் குறிப்புகளைக் கணினியில் அலசிப் பார்த்தார்கள். மேற்கத்திய சமையலில் ஒரே மாதிரி மணக்கூறுகள் கொண்ட பொருள்களை ஒன்றாகச் சேர்க்கும் போக்கு அதிகம் என்று முன்பே ஒரு ஆய்வு சொல்லியிருந்தது. நம்முடையதில் நேரெதிர், ஒன்றோடொன்று ஒட்டாத மணங்களைத்தான் ஒரே சட்டியில் போடுகிறோம். அதற்கு முக்கியக் காரணம் மசாலாப் பொருள்கள் என்றார்கள். ஆக, போளிமேல் பால்பாயசம் பற்றி நான் சொன்னதற்கு ஐஐடி என் பக்கம். (கணவரிடம் இதைக் காட்டினேன். அந்த ஆய்வில் போளியே இல்லையே என்கிறார்.)

திருவல்லிக்கேணி

நோன்புக் கஞ்சியை விட்டுவிட்டீர்களே! பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறந்ததும் கஞ்சி. தேங்காய்ப்பால், இஞ்சி பூண்டு, வெந்தயம், கொஞ்சம் கைமா. நான் கொட்டையெடுத்த பேரீச்சம்பழத்தைக் கிள்ளிக் கஞ்சியிலேயே போட்டுவிடுவேன். சூட்டில் லேசாகக் கரையும். காரக் கஞ்சியில் திடீரென்று ஒரு இனிப்பு முடிச்சு மாட்டும். என் தங்கச்சி அந்தப் பாத்திரத்தைத் தொட மாட்டாள்.

எங்கள் வீட்டு நிஜச் சண்டை சமோசாவைப் பற்றியது. வெங்காயச் சமோசாவைக் கஞ்சியில் நொறுக்கிப் போட வேண்டும் என்பது வாப்பா கட்சி. மூலையை மட்டும் முக்கி உடனே கடிக்க வேண்டும், மொறுமொறுப்பு போகக் கூடாது என்பது உம்மா கட்சி. புதினாச் சட்னியைக் கஞ்சிக்குள்ளேயே ஊற்றுகிற மாமா ஒருவர் இருக்கிறார். அவர் வந்தால் இரண்டு கட்சியும் சண்டையை நிறுத்திவிட்டு அவரைப் பிடித்துக்கொள்ளும்.