இரும்புக் கவசம் அடித்துச் செய்கிறவர்களோடு உங்கள் அனுபவம்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கிராட்ஸ்வாசி

முன்னுரை எல்லாம் வேண்டாம். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு மார்புத்தகடு எது, தோள்தகடு எது என்று தெரியும். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதைக் கொட்டிவிட்டால் போதும்.

நான் இருப்பது ஆஸ்திரியாவில், கிராட்ஸ் நகரத்தில். இங்குள்ள பழைய ஆயுதசாலையில் சுமார் 32,000 பொருள்களை மாடி மாடியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் துருக்கியரோடு சண்டைக்குப் போன சாதாரண வீரர்களுக்கானவை. அதைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, ஊருக்கு வெளியே கவசம் அடிக்கும் ஒருவரின் பட்டறையில் சனிக்கிழமைகளில் போய் உட்கார ஆரம்பித்தேன். சுத்தியலைத் தொட விடமாட்டார். பெருக்கலாம், தகட்டைப் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் மார்புத்தகட்டை வாங்கிப்போக வந்தார். 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய மிலான் பாணி, முகம் பார்க்கலாம் போன்ற மெருகு. தொலைவில் இருப்பவர் என்பதால் அளவை எல்லாம் எழுதி அனுப்பியிருந்தார். போட்டுப் பார்த்தார், அழகாகத்தான் இருந்தது. "குனியுங்கள்" என்றார் பட்டறைக்காரர். குனிந்ததும் கீழ் ஓரம் இடுப்பெலும்பில் இடித்தது, மேல் ஓரம் தொண்டைக்கு ஏறியது. அந்த ஆள் இடுப்பு என்று அளந்தது பேன்ட் நிற்கும் இடத்தை! கவசத்துக்கு இடுப்பு அது இல்லை. விலா எலும்பு முடிந்து உடம்பு உள்வாங்குகிற இடம். எல்லா எடையும் தோளிலேயே தொங்கிவிடாமல் அங்கே உட்கார வேண்டும்.

வந்தவர், "பரவாயில்லை, எனக்கு இதுவே பிடித்திருக்கிறது, பணத்தைத் தந்துவிடுகிறேன்" என்றார். இவர் பதிலே சொல்லவில்லை. மார்க்கரால் ஒரு கோடு. நேராகத் தகடு வெட்டும் கத்தரிக்குக் கொண்டுபோனார். மெருகேற்றி முடித்த எஃகில் இரண்டு விரல் அகலப் பட்டை ஒன்று சுருண்டு தரையில் விழுந்தது. அந்த ஓரத்தை மறுபடி மடக்க வேண்டும், மறுபடி மெருகு போட வேண்டும். வந்தவர் முகம் வெளுத்துப்போனது. காசு கொடுப்பவரே போதும் என்ற பிறகும் ஏன்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

லீட்ஸ் அக்கா

தம்பி, ஒரு பட்டை போனதற்கே இப்படி என்றால் எங்கள் ஊர் ராயல் ஆர்மரீஸ் ஆயுத அருங்காட்சியகம் பக்கம் வந்து பாருங்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி பிரெஞ்சுக்காரர்களோடு நடக்கவிருந்த போட்டியில் தரையில் நின்று சண்டை போடுவதற்கென்று 1520இல் அடித்த கவசம் நிற்கிறது. முழங்கை மடிப்பு, பின்புறம் என்று ஊசி நுழைய இடமில்லாமல் மூடியிருக்கும், 40 கிலோவுக்கு மேல். வேலை நடந்துகொண்டிருக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் போட்டி விதியை மாற்றிவிட்டார்கள், இரும்புப் பாவாடை வைத்த கவசம்தான் வேண்டும் என்று. அவ்வளவு வேலையையும் அப்படியே நிறுத்திவிட்டு, கையிலிருந்த பழைய துண்டுகளைச் சேர்த்து அவசரமாக வேறொன்றை ஒப்பேற்றினார்கள். நிறுத்தியது மெருகு காணாமல் இன்றும் நிற்கிறது. எனக்கென்னவோ அதுதான் அந்தக் கூடத்திலேயே அழகு.

சரி, என் கதை. மகன் புஹர்ட் ஆடுகிறான். நிஜ இரும்பைப் போட்டுக்கொண்டு நிஜமாகவே அடித்துக்கொள்கிற விளையாட்டு, தெரிந்திருக்கும். அவனுடைய தலைக்கவசத்தை வாங்கப் பட்டறைக்குக் கூடப் போனேன். கூர்மூக்கு முகமூடி வைத்தது. "நீங்களும் போட்டுப் பாருங்கள்" என்று தலையில் வைத்தார் அந்த மனிதர். சிரித்துக்கொண்டே நின்றேன். முகமூடியை இறக்கிய அடுத்த நொடி மரச்சுத்தியலால் உச்சியில் ஒரு போடு போட்டார்!

வலிக்கவில்லை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தொப்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. நான் மறக்காதது அடியை அல்ல. அந்த ஒரு நொடியில் என் கால் எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு நேரே ஒரு கீற்று வெளிச்சம், என் மூச்சு எனக்கே திரும்பி முகத்தில் அடிக்கிறது, மகன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியவில்லை. இதைப் போட்டுக்கொண்டுதான் இவன் ஐந்து பேர் நடுவில் ஓடுகிறானா?

இன்னொன்று. கவசம் என்றாலே "50 கிலோ இருக்குமே, கிரேன் வைத்துத்தான் குதிரையில் ஏற்றுவார்களாமே" என்று கேட்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். போர்க்கள முழுக்கவசம் 20 முதல் 25 கிலோ. உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். போட்டுக்கொண்டு ஓடலாம், தரையில் விழுந்தால் எழுந்திருக்கலாம், குதிரையில் தானாக ஏறலாம். குதிரைமேல் வேலோடு மோதும் போட்டிக்கென்று தனியாக அடித்ததுதான் பெரிய எடை.

டேராடூன் ரிட்டர்ன்

கிராட்ஸ் தம்பி, கோபிக்காதீர்கள். அந்த மார்புத்தகட்டுக்கு வந்தவர் என்ன விலை கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே கவசத்தில் உட்காருகிற அளவுக்கு விலை கிடைத்தால் எவரும் வெட்டித் திருத்துவார்.

டேராடூன் பக்கம் ஏற்றுமதிப் பட்டறை ஒன்றில் சூபர்வைசராக இருந்தேன். வெளிநாட்டில் சுவரில் மாட்டுவதற்கும், திருவிழாவில் போட்டுக்கொண்டு நடப்பதற்கும் வாங்குகிற கவசங்கள் இந்தியாவிலிருந்து எவ்வளவு போகிறது என்று பலருக்குத் தெரியாது. 18 கேஜ் தகடு (கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிது), பீஸ் ரேட் கூலி. தலைக்கவசம் என்றால் அதன் மண்டைப் பகுதியை இரண்டு பாதியாகத் தட்டி, நடுவில் பற்றவைத்து, கிரைண்டர் ஓட்டினால் முடிந்தது. ஆர்டரே அப்படித்தான் வரும்.

எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார். முராதாபாத்தில் பித்தளைப் பாத்திரம் அடிக்கும் குடும்பம். வேலை குறைந்திருந்த வாரத்தில் ஒரே வட்டத் தகட்டை எடுத்து, பற்றவைப்பே இல்லாமல் முழு மண்டையையும் ஏற்றிவிட்டார். வெளியிலிருந்து சுத்தியல் போட்டுப் போட்டு, இறுகினால் சுட்டுப் பதம் இளக்கி, மறுபடி போட்டு. உள்ளிருந்து குழித்து அடித்தால் உச்சி மெலியும். இப்படி ஏற்றினால் தகட்டின் கனம் குறையாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும், இதுதான் பழைய ஐரோப்பியர்கள் செய்த முறையும்.

வாங்குகிறவர் வந்திருந்தார். கையில் கொடுத்தோம். திருப்பி உள்ளே விரலை ஓட்டி ஒட்டுக்கோடு தேடினார், இல்லை. மறுபடி தேடினார். "வெரி குட்" என்றார். அப்புறம் கேட்லாக்கைத் திறந்து பழைய விலை மேலேயே விரலை வைத்தார். பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்த விரல் நின்ற இடம் மட்டும் புரிந்தது. மறுநாள் வழக்கம்போல இரண்டு பாதி. ஏற்றிய மண்டையைத் தலைகீழாக வைத்து ரிவிட் ஆணிகளைப் போட்டுவைக்க எடுத்துக்கொண்டார்.

அதே மண்டை ஜெர்மனியில் ஒரு பட்டறையிலிருந்து வந்தால் அதற்கு "மாஸ்டர்" என்று பெயர். இங்கே "பீஸ்".

ஆஹன் மாணவன்

அண்ணா சொன்னதோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. விலை வித்தியாசத்தில் பாதி தேசம், மீதி பதம். 18 கேஜ் மைல்டு ஸ்டீலில் கார்பன் மிகக் குறைவு, எப்படித் தோய்த்தாலும் (சுட்டு எண்ணெயில் முக்கினாலும்) பெரிதாக இறுகாது. அடி வாங்குகிற கவசத்துக்கு இப்போது கார்பன் கூடிய ஸ்பிரிங் ஸ்டீல் போட்டுத் தோய்ச்சல் கொடுக்கிறார்கள். அந்த ஒரு கட்டத்தில் இருக்கும் ஆபத்தை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இங்கே ஜெர்மனியில், ஆஹன் நகரத்தில் உலோகவியல் படிக்கிறேன். கவசம் அடிக்கிறவர் ஒருவர் உலையின் கதவைத் திறந்து மார்புத்தகட்டைச் செக்கச்செவேலென்று எண்ணெயில் இறக்கியபோது பக்கத்தில் நின்றேன். காந்தம் ஒட்டாத நிலை சுமார் 770 டிகிரியிலேயே வந்துவிடும். அதற்கும் மேலே, 840 பக்கம் போனபிறகுதான் எடுத்தார். புஸ்ஸென்று தீ, புகை. வெளியே வந்த தகடு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. கனமான கையுறையோடு சூட்டிலேயே முழங்காலில் வைத்து அழுத்தி நிமிர்த்தினார். குளிர்ந்தபிறகு அழுத்தியிருந்தால் கண்ணாடித் தட்டு உடைவதுபோல உடைந்திருக்கும். பிறகு அடுப்பில் வைத்து நொறுங்கும் தன்மையை இறக்கினார்.

என்னை உறுத்துவது என்னவென்றால், இவருக்குத் தொழிற்சாலையில் வந்த ஒரே சீரான எஃகு, வெப்பமானி எல்லாம் உண்டு. கவசத்துக்குப் பேர்போன ஆக்ஸ்பர்க்கிலும் இன்ஸ்ப்ரூக்கிலும் 1500களில் தோய்த்தவர்களுக்குக் கசடு கலந்த, இடத்துக்கு இடம் கார்பன் மாறுகிற இரும்புதான். சூட்டைக் கண்ணால்தான் பார்த்தார்கள். மாதக்கணக்கில் உழைத்ததை ஒரு முக்கில் பணயம் வைக்கிற தைரியம் எங்கிருந்து வந்தது? இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் அலங்காரக் கவசத்துக்குப் பாதரசம் வைத்துத் தங்கமுலாம் பூச ஆரம்பித்ததும் தோய்ச்சலையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். முலாம் சூடு பதத்தைக் கெடுத்துவிடும் அல்லவா.

டிங்கர் மாமா

என் கதை சின்னது. சென்னையில் வண்டி டிங்கரிங் பட்டறை. கல்லூரிப் பையன்கள் நாடகத்துக்கு ஒரு வீரன் தலைக்கவசம் வேண்டும் என்று கையில் ஜிஐ ஷீட்டோடு வந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். முறைத்துக்கொண்டு போனார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது தட்ட ஆரம்பிப்பீர்கள், அதனால் சொல்கிறேன். ஜிஐ ஷீட்டைச் சுடவே கூடாது, பற்றவைக்கவே கூடாது. மேலே இருப்பது துத்தநாகம். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து தூக்கிப் போடும். பூச்சு இல்லாத சிஆர் ஷீட் வாங்குங்கள், கை காலுக்கு 18 கேஜ், தலைக்கு மட்டும் 14 கேஜ். முதல் வேலையாகத் தலைக்கவசம் வேண்டாம், முழங்கைக் குமிழ் ஒன்று அடியுங்கள். எல்லாத் தப்பும் அதிலேயே வந்துவிடும். தகட்டை வெட்டும் முன் காலண்டர் அட்டையில் வெட்டி, மேலே கட்டி, கையை மடக்கிப் பாருங்கள். அட்டையில் மடங்காதது இரும்பில் மடங்காது. குழிக்க அடைகல் வேண்டாம், வேப்பமரக் கட்டையில் கிண்ணம்போலப் பள்ளம் வெட்டினால் போதும். சுத்தியல் முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓரத்தை மழுக்கிவையுங்கள். சுத்தியலில் இருக்கும் கீறல் ஒவ்வொன்றும் தகட்டில் ஏறும், எடுக்கப் பத்து மடங்கு நேரம் ஆகும். உள்பக்கத்தில் அடியுங்கள், விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிப் போங்கள், அவசரப்பட்டு ஒரே இடத்தில் போடாதீர்கள். தகடு நகரும் இடங்களில் ரிவிட்டை இறுக்கி அடித்தால் மூட்டு பூட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு அட்டைத்துண்டு வைத்து அடித்துவிட்டுப் பிறகு அதை உருவுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் காதில் அடைப்பான். எனக்கு இப்போது வலது காது பாதிதான்.

லீட்ஸ் அக்கா

மாமா, எப்படி அடிப்பது என்று இங்கே யாரும் கேட்கவில்லையே. ஆனால் அந்த அட்டைத்துண்டு யோசனையை மகனுக்கு அனுப்பிவிட்டேன்.

சங்கிலிக்காரி

தகடு கோஷ்டி நடுவில் வளையக் கோஷ்டி ஒருத்தி. ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில், ஸ்வீடனின் காட்லாந்து தீவில் நடந்த விஸ்பி சண்டையில் (1361) இறந்தவர்களின் புதைகுழியிலிருந்து எடுத்தவை இருக்கின்றன. சங்கிலித் தலையுறைக்குள் மண்டையோடு அப்படியே இருக்கிறது. நான் அதுவரை கம்பியை வளைத்து வாயை மட்டும் சேர்த்து விடுகிற சுலப வளையம்தான் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் குனிந்து பார்த்தபோது எலும்பை விட என் கண்ணில் பட்டது, துருவோடு துருவாக இருந்தும் அந்த வளையங்கள் விட்டுக்கொடுக்காமல் கோத்துக்கொண்டிருந்ததுதான். முனையைத் தட்டையாக்கி, துளையிட்டு, ஆணி அடித்து வளையங்களைப் பூட்டியிருக்கிறான் ஒருவன். அதன்பிறகு சும்மா வாய் சேர்க்கும் வளையத்தைச் செய்ய மனம் வரவில்லை. விற்பனை குறைந்துவிட்டது, அது வேறு கதை.

சுத்தியல் மட்டும்

பவர் ஹாமர், கிரைண்டர், வெல்டிங் போட்டதெல்லாம் கைவேலை ஆகாது. அந்தக் காலத்தில் ஒரே மனிதன் ஒரு சுத்தியலோடு உட்கார்ந்து செய்தான். டேராடூன்காரர் சொல்லும் தொழிற்சாலைச் சரக்கையும் அதையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

டேராடூன் ரிட்டர்ன்

யார் சொன்னது ஒரே மனிதன் என்று? எட்டாம் ஹென்றியின் கிரீனிச் (லண்டன்) பட்டறையிலேயே தட்டுகிறவர் வேறு, மெருகு மில்லில் நிற்பவர் வேறு, கொக்கி, கீல் செய்பவர் வேறு. மெருகுக்கு லூயிஷம் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் சுழலும் மில் வைத்திருந்தார்கள். தகட்டை இழுத்துக் கொடுத்ததும் தண்ணீரில் ஓடும் பெரிய சுத்தியல்தான். மிலான் பட்டறைகள் படைக்கே ஆயிரக்கணக்கில் அடித்து அனுப்பின, உருப்படிக் கணக்கில். எங்கள் பட்டறைக்கும் அதற்கும் வித்தியாசம் கரண்ட் மட்டும்தான். உங்கள் சுத்தியல் மட்டும் முறையில் 25 கிலோ கவசத்தை மெருகேற்றிக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

கிராட்ஸ்வாசி

அண்ணே, விலை கேட்டீர்கள். அவர் சொல்லமாட்டார், நானும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த வாடிக்கையாளர் அன்றே மீதிப் பணத்தை நீட்டினார், இவர் வாங்கவில்லை. திருத்தி அனுப்பியபிறகுதான் வாங்கினார். விலைதான் காரணம் என்றால் அன்றே வாங்கியிருப்பார் என்று எனக்குப் படுகிறது.

டேராடூன் ரிட்டர்ன்

வாங்காமல் காத்திருக்க முடிகிறதே, அதைத்தான் நான் விலை என்கிறேன்.

டிங்கர் மாமா

ஜிஐ ஷீட் பற்றி யாருமே கண்டுகொள்ளவில்லை. காந்தம் ஒட்டுகிறது, அதனால் நல்ல தகடு என்று முடிவு செய்யாதீர்கள், ஜிஐயிலும் ஒட்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே பூப்பூவாக மின்னினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.