வித்யா நிச்சயதார்த்தக் குழு

அம்மா: கதிர் மீன்தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்த பாட்டில் இரவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. கூடம் முழுவதும் கள் வாடை. நாளை 10 மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

பெரியம்மா: கள்ளா?

சித்தப்பா: என் பெயர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் கோவையில்தான் இருக்கிறேன்.

மாமா: அது கள் இல்லை, பெரியக்கா. சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். வாயுவைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டால் செடிகள் செழிக்கும். சிலிண்டர் வாங்கினால் ஆயிரக்கணக்கில் செலவு. பையன் மூளைக்காரன்.

பெரியம்மா: ஆல்கஹால் இருந்தால் கள்தானே?

கதிர்: 2 கப் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். அளவாகத்தான் போட்டேன்.

அம்மா: ஆப்பத்துக்கு வாங்கிய பொட்டலம் காலியாகக் கிடக்கிறதே?

கதிர்: குமிழி மெதுவாக வந்தது. மீதியையும் போட்டேன்.

மாமா: அங்கேதான் தவறு. அளவாகப் போட்டால் 2, 3 வாரம் சீராக வரும். இந்த வெயிலில் முழுப் பொட்டலமா? கழுத்துவரை நிரப்பினாயா? நுரைக்கு இடம் விட வேண்டும். நடுவில் தண்ணீர் ஊற்றிய சிறு பாட்டில் வைத்தாயா? நுரை அதில் தங்கும், குமிழியையும் எண்ணலாம். தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்குத் திரும்பாமல் தடுக்க ஒருவழி வால்வு?

கதிர்: இல்லை மாமா.

அத்தை: கேசரியா, அசோகாவா? சமையல்காரர் மூன்றாவது முறை கேட்கிறார்.

அப்பா: மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

மாமா: குழாயை உடனே வெளியே எடுங்கள், அத்தான். காற்று பம்பைப் போடுங்கள். இருட்டில் செடிகள் இந்த வாயுவை எடுத்துக்கொள்வதில்லை. அவையும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கும்.

அப்பா: பம்பு பிளக்கில் சீரியல் விளக்கு மாட்டியிருக்கிறது.

அம்மா: கழற்றுங்கள்!

மாமா: அடுத்த முறை எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) சமையல் சோடாவும் வைத்துச் செய்யலாம். வாடையே இருக்காது. கண்ணாடி கூடாது, அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான் வேண்டும்.

அம்மா: அடுத்த முறையா?

பெரியம்மா: சோடா பாட்டில் பேச்சே வேண்டாம். சித்தப்பா கல்யாணப் பந்தியில் பறந்தது போதும்.

சித்தப்பா: அது கை நழுவியது என்று 30 வருடமாகச் சொல்கிறேன்.

வித்யா: நாளை மட்டும் தொட்டியை மாடிக்குக் கொண்டுபோகலாமா?

கதிர்: முடியாது. செடிகள் இப்போதுதான் வேர் பிடித்திருக்கின்றன.

அப்பா: இரண்டு மீன்கள் கீழே இறங்கிவிட்டன.

அம்மா: நான் சாம்பிராணி போடுகிறேன்.

மாமா: கூடத்தில் வேண்டாம், அக்கா. பம்பு அந்தப் புகையையும் இழுத்துத் தண்ணீரில் விடும்.

அம்மா: அப்படியானால் வந்தவர்களிடம் என்ன சொல்வது?

பெரியம்மா: ஆப்ப மாவு புளித்துவிட்டது என்று சொல்.

அத்தை: கேசரி என்றே சொல்லிவிடவா?

சித்தப்பா: அசோகா.

பெரியம்மா: கேசரி.