மஸ்கி மீனுக்கு கம்மி விலைல தூண்டில் ராடு, 200 டாலருக்குள்ள எது தேறும்?

கவார்த்தா_கத்துக்குட்டி

எல்லாருக்கும் வணக்கம். ஒண்டாரியோல ரெண்டு வருஷமா மீன் புடிக்கிறேன், பாஸ், வால்ஐ, அவ்ளோதான் இதுவரைக்கும். போன செப்டம்பர்ல பிஜன் லேக்ல வாடகை படகுல நின்னு பாஸுக்கு ஸ்பின்னர்பெய்ட் போட்டுட்டு இருந்தேன், லூர் (போலி இரை) படகுக்கு நாலடி கிட்ட வந்தப்ப பின்னாடியே ஒரு மரக்கட்டை மிதந்து வர்ற மாதிரி இருந்துச்சு. கட்டைக்கு கண்ணு இருந்துச்சு, மஸ்கி! பயத்துல லூரை வெளிய தூக்கிட்டேன், அது அங்கயே நின்னு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு மெதுவா கீழ இறங்கிப் போயிருச்சு. அரை மணி நேரம் கை நடுக்கம் நிக்கல.

அடுத்த வாரம் இன்னொன்னு கடிச்சுது, ஒரே செகண்டு, லைன் கத்திரில வெட்டுன மாதிரி போச்சு, லூரும் போச்சு. அந்த மீன் வாயில என் லூரோட சுத்துதேன்னு இன்னைக்கும் சங்கடமா இருக்கு.

அதனால ஜூனுக்குள்ள ஒழுங்கா ஒரு மஸ்கி ராடு வாங்கிடலாம்னு இருக்கேன். ராடுக்கு மட்டும் 200 கனேடியன் டாலர், அதுக்கு மேல போனா வீட்ல பதில் சொல்ல முடியாது. இப்ப கைல இருக்குறது 7 அடி மீடியம் ஹெவி பாஸ் ராடு ஒன்னு, பழைய 9 அடி கேட்ஃபிஷ் ராடு ஒன்னு. கேட்ஃபிஷ் ராடே போதும்னு ஒருத்தர் சொல்றாரு, 9 அடி மஸ்கி ராடு இல்லாம தண்ணி பக்கமே போகாதன்னு இன்னொருத்தர் சொல்றாரு. கார் கொரோலா, அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

மின்னசோட்டா_மாமா

மொதல்ல உங்க பாஸ் ராடை எடுத்து ரீல் சீட்டுக்கு மேல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. லூர் முக்கால் அவுன்ஸ் இல்ல 1 அவுன்ஸ் வரைக்கும்னு இருக்கும். மஸ்கி லூர்ல சின்னதுன்னு சொல்றதே 1, 2 அவுன்ஸ்ல தான் ஆரம்பிக்கும், பெரிய ரப்பர் லூர் எல்லாம் கிட்டத்தட்ட அரை பவுண்டு, அதாவது 8 அவுன்ஸ். அதை பாஸ் ராடுல வீசுனா லூருக்கு முன்னாடி ராடு நுனி பறந்து போய் விழும்.

ராடு வாங்கப் போறவங்க எல்லாம் ஹெவியா, எக்ஸ்ட்ரா ஹெவியான்னு தான் கேக்குறாங்க. அந்த வார்த்தையை நம்பாதீங்க, ஒரு கம்பெனி ஹெவி இன்னொரு கம்பெனிக்கு மீடியம் ஹெவி, பாஸ் ராடுல ஹெவின்னு எழுதியிருக்குறதுக்கும் மஸ்கி ராடுல எழுதியிருக்குறதுக்கும் சம்பந்தமே கெடையாது. லூர் எத்தனை அவுன்ஸ் வரைக்கும்னு போட்டிருக்குற நம்பர் மட்டும் தான் உருப்படியானது. நீங்க எந்த லூர் வீசப் போறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, ராடு தானா முடிவாயிரும். ஒரே ஒரு ராடுன்னா 8 அடி 6 இஞ்சு, ஹெவி, 3ல இருந்து 8 அவுன்ஸ். பக்டெயில் (மயிர்க் குஞ்சம் வச்ச சுழல் லூர்), டாப்வாட்டர் (தண்ணி மேல ஓடுற லூர்), நடுத்தர ரப்பர் எல்லாத்துக்கும் இது ஓடும். அரை பவுண்டு ரப்பரை மட்டும் நாள் பூரா வீசாதீங்க.

நீளம் எதுக்குன்னா தூரம் வீசுறதுக்குன்னு நெனைக்காதீங்க, அது கொசுறு. படகு பக்கத்துல ஃபிகர் எய்ட் (எட்டு வடிவ இழுவை) போடுறதுக்கு தான் நீளம். உங்க பின்னாடி ஒரு மஸ்கி வந்துதுல்ல, அப்ப லூரைத் தூக்கிருக்கக் கூடாது. லீடர் (லூருக்கு முன்னாடி கட்டுற பல்லு வெட்டாத துண்டு லைன்) நுனிக்கு ஒரு அடி வர்ற வரைக்கும் சுத்திட்டு ராடு நுனியைத் தண்ணிக்குள்ள இறக்கி, நிறுத்தாம எட்டு மாதிரி பெருசா இழுக்கணும். அவ்ளோ நீளமான மீனால சடக்குன்னு திரும்ப முடியாது, வளைவு சின்னதா இருந்தா லூரை விட்டுட்டுப் போயிரும். 7 அடி ராடுல சாப்பாட்டுத் தட்டு சைஸ்ல தான் வளைவு வரும், எட்டரை அடில முறம் சைஸ்ல வரும். நான் புடிச்சதுல மூணுல ஒன்னு போட்டுக்கு பக்கத்துல கடிச்சது தான்.

பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீனுன்னு இங்க ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் ஓவர் தான், ஆனா ராடு கனமா இருந்தா சாயங்காலம் தோள்பட்டை அதை நம்ப ஆரம்பிச்சிரும். அதனால கடைல சும்மா ராடை மட்டும் தூக்கிப் பாக்காதீங்க, ரீலை மாட்டிப் பாருங்க. நுனி பக்கம் தொங்குச்சுன்னா வச்சிட்டு வந்துருங்க, எவ்ளோ தள்ளுபடி குடுத்தாலும் சரி.

ட்ரோலிங்_ராசா

வீட்ல கேட்ஃபிஷ் ராடு சும்மா தானே கெடக்கு, அதுலயே போங்க ப்ரோ. காசு மிச்சம். நான் மூணு சீசன் அப்படித்தான் ஓட்டுனேன், 41 இஞ்சு வரைக்கும் புடிச்சிருக்கேன்.

ஸ்காபரோ_தூண்டில்காரன்

ராசா, நீர் ட்ரோலிங் செய்யிற ஆள், உமக்குச் சரி. போட் இழுத்துக்கொண்டு போகும், றொட் ஹோல்டரில சும்மா நிக்கும், மெத்தெண்டு வளையிற றொட் எண்டால் இன்னும் நல்லது, மீன் அடிக்கேக்க கொழுக்கி பிய்யாது. இந்தத் தம்பி வீசப் போறார். கேட்ஃபிஷ் றொட் அடிமட்டும் வளையும், ஜெர்க்பெய்ட்டை வெட்டி வெட்டி இழுத்தால் பாதி இழுவை றொட்டுக்குள்ளயே நிண்டிடும், லூர் அசையாது. மஸ்கியின்ர வாய் முழுக்க எலும்பு, கொழுக்கி ஏற வேணும் எண்டால் றொட்டுக்கு முதுகு வேணும். பக்டெயிலை நேராச் சுத்துறதுக்கு மட்டும் எண்டால் சமாளிக்கலாம், அதுவும் பாரம்.

தம்பி, மின்னசோட்டா அண்ணை சொல்லுறது எல்லாம் சரி, ஆனா அவற்ற கதை பெரிய மீன் நிக்கிற பெரிய ஏரியளுக்கு. பிஜன் லேக் இருக்கிற கவார்த்தா ஏரிப்பக்கம் வேற. இஞ்ச மஸ்கி எண்ணிக்கையில கூட, சைஸில சின்னன். கூடுதலா 30 இஞ்சுக்கும் 40 இஞ்சுக்கும் இடையிலதான் மாட்டும், களை நிறைய, தண்ணி ஆழமில்லை. ஜோர்ஜியன் பே, சென்ற் லோரன்ஸ் ஆறு எண்டால் பெரிய லூர், பெரிய றொட். 1988ல பிடிச்ச ஒண்டாரியோ சாதனை மீன், 65 இறாத்தல் (பவுண்டு), அது ஜோர்ஜியன் பே பக்கம் வந்ததுதான். பிஜன், பக்ஹோர்ன் பக்கம் நீர் கூடுதலா 1 அவுன்ஸில இருந்து 4 அவுன்ஸ் வரைக்கும்தான் வீசப் போறீர், சின்ன பக்டெயில், ஸ்பின்னர்பெய்ட். அதுக்கு 8 அடி, ஹெவி அல்லது மீடியம் ஹெவி மஸ்கி றொட் காணும். எக்ஸ்ட்ரா ஹெவி வாங்கினீர் எண்டால் சின்ன லூர் விசுக்கெண்டு போகாது, தும்புக்கட்டையால வீசின மாதிரி இருக்கும்.

நான் விட்ட பிழையைச் சொல்லுறன். முதல் வருஷம் ஆகக் குறைஞ்ச விலையில ஒண்டு வாங்கினனான், கம்பனி பேர் வேண்டாம். றொட் முறியேல்லை, ஆனா ரெண்டாம் மாசம் நுனி வளையத்துக்குள்ள இருக்கிற செராமிக் வட்டம் கழண்டு விழுந்திட்டுது, எனக்குத் தெரியாது. 80 இறாத்தல் தாங்கிற பிரெய்ட் (பின்னல் லைன்) அந்த இரும்பு விளிம்பில உரசி உரசி, ஒரு நாள் முழு மூச்சா வீசேக்க டப் எண்டு சத்தம், 35 டொலர் லூர் தனிய வானத்தில போகுது. வீட்டுக்காரி கரையில நிண்டு கைதட்டினவா.

அதால மலிவா வாங்கினாலும் பரவாயில்லை, வளையங்களைப் பாரும். பழைய றொட் வாங்கினால் கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சுத்தித் துடையும், வெடிப்பு இருந்தால் பஞ்சு கொழுவிக்கொண்டு நிக்கும். சீசன் முடிய ஆக்கள் கனபேர் விக்கிறவை, டிசம்பர், ஜனவரியில தேடினால் உம்மட 200க்கு நல்ல சாமானே கிடைக்கும். நான் இப்ப வச்சிருக்கிற சென்ற் குறோய் மோஜோ மஸ்கியும் அப்பிடி ஒருத்தரிட்ட வாங்கினதுதான், புதுசுக்கு என்னட்டக் காசில்லை.

கவார்த்தா_கத்துக்குட்டி

அண்ணா, மாமா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, பஞ்சு ஐடியா சூப்பர். ரெண்டு சந்தேகம். எட்டடி ஒரே பீஸா இருந்தா கொரோலால எப்படி? ரெண்டு பீஸ் வாங்குனா மூட்டுல உடையும்னு சொல்றாங்களே. அப்புறம் என்கிட்ட பெரிய ஸ்பின்னிங் ரீல் ஒன்னு இருக்கு, அதையே மாட்டிக்கலாமா? ரீலுக்குத் தனியா செலவு பண்ணனும்னா ராடு பட்ஜெட்ல தான் கை வைக்கணும்.

மின்னசோட்டா_மாமா

ரெண்டு பீஸ் உடையும்ங்கறது பழைய கதை, மூட்டை அழுத்தி மாட்டிட்டு மணிக்கு ஒரு தடவை தளர்ந்திருக்கான்னு திருகிப் பாத்தா போதும். தளர்ந்த மூட்டோட வீசுனா தான் உடையும். பின்பிடி உள்ள போற டெலஸ்கோப் மாடலும் இருக்கு, கிட்டத்தட்ட ஒரு அடி கொறையும். மஸ்கி ராடு மீனால உடைஞ்சத விட கார் கதவால உடைஞ்சது ஜாஸ்தி, நான் ஒரு ராடை டிக்கி மூடி மூடியே உடைச்சிருக்கேன், இத்தனைக்கும் நிதானமான ஆளு.

ஸ்பின்னிங் வேணாம். 3 அவுன்ஸ் லூரை வீசுறப்ப பிரெய்டு விரலை அறுக்கும், இழுவை ஜாஸ்தியான பக்டெயிலைச் சுத்துறப்ப ரீல் முனகும். 300 சைஸ் பெய்ட்காஸ்டர் (ராடுக்கு மேல உக்காருற உருளை ரீல்) வாங்குங்க, பழசானாலும் பரவால்ல. காசு பத்தலைன்னா ராடுல கொறைச்சு ரீல்ல போடுங்கன்னு தான் சொல்வேன். 120 டாலர் ராடும் 300 டாலர் ராடும் மீனைக் கொண்டு வர்றதுல வித்தியாசம் காட்டாது, எடையில தான் காட்டும். மட்டமான ரீல் ஒரே கோடைல பல்லு தேஞ்சு போயிரும். லைன் 80 பவுண்டு பிரெய்டு. 30 பவுண்டு போட்டா நெறைய ஏறுமேன்னு நெனைக்காதீங்க, ஒரு பேக்லாஷ் (ரீல்ல லைன் சிக்கிக்கிறது) விழுந்தா லூர் போயிரும். லீடர் ஒரு அடிக்குக் கொறையாம, ஸ்டீல், இல்ல 100 பவுண்டுக்கு மேல ஃப்ளூரோகார்பன். உங்க லைனை வெட்டுனது மஸ்கியோட பல்லு தான்.

ஸ்காபரோ_தூண்டில்காரன்

என்ர காரும் சின்னன்தான், பின்சீட்டை மடிச்சிட்டு டிக்கியால விட்டு நுனியை முன் ரெண்டு சீட்டுக்கும் நடுவில கொண்டு போனால் எட்டடி போகும். ஆரும் கியரில கை வைக்கேக்க கவனம்.

இன்னொண்டு, 200ஐயும் றொட்டுக்குக் குடுக்காதையும். 130, 150க்குள்ள றொட்டை முடிச்சுப்போட்டு மிச்சத்தில பெரிய றப்பர் வலை, நீட்டுக் குறடு, கொழுக்கி வெட்டுற கட்டர் மூண்டும் வாங்கும். கொழுக்கி ஆழமா ஏறினால் கழட்ட மினக்கெடாமல் வெட்டி விடும், 3 டொலர் கொழுக்கி, 15 வயசு மீன். மீன் வலைக்குள்ள தண்ணியிலயே நிக்கட்டும். கன்சர்வேஷன் லைசென்ஸ் (குறைஞ்ச மீன் மட்டும் எடுக்க விடுற லைசென்ஸ்) வச்சிருந்தீர் எண்டால் ஒரு மஸ்கியும் வீட்டுக்குக் கொண்டு போகேலாது, அளவு கட்டுப்பாடும் ஏரிக்கு ஏரி மாறும், போக முதல் உம்மட மீன்பிடி சோனின்ர (வலயத்தின்ர) சட்டத்தைப் பாரும். ஜூலை, ஆகஸ்டில தண்ணி 27 பாகை தாண்டினால் மஸ்கியை விட்டிட்டு பாஸ் பிடியும், அந்தச் சூட்டில சண்டை பிடிச்ச மீன் நீந்திப் போய்ச் செத்துப்போம்.

ட்ரோலிங்_ராசா

சரி சரி, கேட்ஃபிஷ் ராடை வாபஸ் வாங்கிக்கறேன். கட்டர் விஷயம் மட்டும் ஆயிரம் தடவை சொல்லலாம், என் பெருவிரல்ல ஒரு தடவை கொக்கியும் அது நுனியில மீனும் ஒண்ணா இருந்துச்சு. கட்டர் இல்லைன்னா அன்னைக்கு என் கதி என்னன்னே தெரியாது.

கவார்த்தா_கத்துக்குட்டி

அப்டேட். ஜனவரில ஒருத்தர்கிட்ட பழைய 8 அடி ஹெவி, ரெண்டு பீஸ், 110 டாலருக்கு வாங்கிட்டேன், 2ல இருந்து 6 அவுன்ஸ்னு போட்டிருக்கு. பஞ்சு வச்சுப் பாத்தேன், மூணாவது வளையத்துல மாட்டுச்சு! அதைக் காட்டி 20 டாலர் கொறைச்சு, வளையத்தை 15க்கு மாத்திட்டேன். ரீல் பழைய 300 சைஸ். வலையும் கட்டரும் புதுசு.

ஜூன் முதல் சனிக்கிழமை சீசன் தொறந்த அன்னைக்கே போனோம். மூணு தடவை பின்னாடி வந்துது, ஒவ்வொரு தடவையும் நுனியைத் தண்ணில விட்டு எட்டு போட்டேன், மூணாவது மீன் ரெண்டு சுத்து கூடவே வந்துது, செவுள் அசையறது தெரியுது, வாயைத் தொறக்கப் போகுதுன்னு நெனைக்கிறப்ப ராடு நுனி எஞ்சின்ல டங்குன்னு இடிச்சுது. அவ்ளோதான், போயிருச்சு. நுனிக்கு ஒன்னும் ஆகல, பாத்துட்டேன்.

ஸ்காபரோ_தூண்டில்காரன்

பின்னுக்கு எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு வீசினனீரோ? அங்க கூட வந்த ஆளை இருத்தும். நீர் முன்னுக்குப் போம்.