ஊர் நடுவே தீ மூட்டிப் பேசினால் போர்க்காயம் ஆறுமா?

கரிசல்காரன்:
மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தலைவர்களை மட்டும். வீட்டைக் கொளுத்தியவனும் வீட்டை இழந்தவரும் அதே ஊரில்தான் இன்னும் இருக்கிறார்கள். அதனால் ஜான் கோல்கர் 2007-இல் தொடங்கிய 'ஃபாம்புல் டாக்' அமைப்பு, ஊர்க்காரர்களின் பழைய வழக்கத்தையே கையில் எடுத்தது. இரவில் தீ மூட்டி ஊரே சுற்றி உட்காரும். பாதிக்கப்பட்டவர் எழுந்து நடந்ததைச் சொல்வார். செய்தவன் முன்னால் வந்து ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பான். மறுநாள் முன்னோருக்குப் படையல். அப்புறம் இரு தரப்பும் சேர்ந்து பயிரிடப் பொது நிலம். போர் கண்ட ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மருதாணி:
அண்ணா, அந்தச் சடங்கின் பின்விளைவை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 280 கிராமங்கள், 2,383 பேர். சில ஊர்களில் சடங்கு நடந்தது, சில ஊர்களில் நடக்கவில்லை, இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2016-இல் சயின்ஸ் இதழில் வந்தது. சடங்கு நடந்த ஊர்களில் மன்னிக்கும் மனம் கூடியது, நட்பு கூடியது, ஊர்ப்பொதுக் காரியத்துக்குக் கொடுப்பதும் கூடியது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் போர் நினைவுகளின் தொல்லையும் கூடின. 31 மாதம் கழித்து அளந்தபோதும் அது போகவில்லை. ஊர் ஒன்றுபட்டதற்கான விலையைத் தனித்தனி ஆட்கள் தூக்கம் கெட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ருவாண்டாவில் இனப்படுகொலைக் குற்றங்களை விசாரித்த கச்சாச்சா ஊர் நீதிமன்றங்களைப் பற்றி 1,200 பேரிடம் எடுத்த ஆய்விலும், சாட்சி சொன்னவர்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகம். ஒரே இரவில் எல்லார் முன்னாலும் காயத்தைத் திறந்துவிட்டு, மறுநாள் காலையில் அவரைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் அதை ஆற்றுதல் என்று எப்படிச் சொல்வது?

கரிசல்காரன்:
சரி, ஆள் எங்கே இருக்கிறார்? போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சியரா லியோன் முழுவதற்கும் ஒரே ஒரு மனநல மருத்துவர். நிபுணர் வரும்வரை வாயைத் திறக்காதே என்றால், அந்தத் தலைமுறையே பேசாமல் செத்துப்போகும். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்ததும் வேறு பாதையில் திரும்பிப் போவதும் ஒரு நோய்தான். அந்த நோய் குறைந்ததாக நீங்கள் சொல்லும் ஆய்வே காட்டுகிறது.

வன்னிக்காற்று:
நான் இலங்கையில், போர் நடந்த வன்னியில் உளசமூகப் பணி செய்கிறவள். அண்ணை சொல்லும் தீயைச் சுற்றி எங்கள் ஊரில் யார் வந்து ஒப்புக்கொள்வது? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாதவளுக்கு எட்டாம் நாள் சடங்கும் இல்லை, ஆண்டுத் துவசமும் இல்லை. பொட்டை அழித்தால் புருஷனைத் தானே கொன்றதாகிவிடும் என்று இருக்கிற பெண்களிடம் போய் மன்னிப்பைப் பற்றிக் கதைக்க எனக்கு வாய் வராது.

ஆனால் தங்கச்சி சொல்வதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. எங்கள் குழு ஒன்றில் பெண்கள் பனையோலைப் பெட்டி இழைப்பார்கள். முதல் சில மாதம் ஓலை, சாயம், விலை பற்றி மட்டும்தான் பேச்சு. ஒரு நாள் ஒரு அம்மா தலையை நிமிர்த்தாமல், ஓலையை மடக்கிக்கொண்டே, மகனைக் கடைசியாகக் கண்ட இடத்தைச் சொன்னா. யாரும் கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவ அவவின் பெட்டியை வாங்கி விளிம்பைக் கட்டிக் கொடுத்தா. அடுத்த கிழமையும் அவ வந்தா. கூட்டமாக இருப்பது தேவை. எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது சொல்பவளின் கையில் இருக்கவேண்டும்.

மருதாணி:
அக்கா, நான் எதிர்ப்பது ஊரை அல்ல, அந்த ஒற்றை இரவை. உளவளத்துணை உள்ளூர் ஆட்களாலேயே முடியும் என்பதற்கு உங்கள் பக்கமே சான்று இருக்கிறது. போரும் சுனாமியும் தாக்கிய வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்களே ஆறு அமர்வு நடத்தினார்கள். ஒரு பிரிவு நடந்ததை வரிசையாகச் சொன்னது, மறு பிரிவு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். அதாவது, சொல்லாமலும் தேறலாம்.

கரிசல்காரன்:
பிள்ளைகள் தேறுவது மகிழ்ச்சி. ஆனால் தியானம் செய்து தேறிய பிள்ளை, அப்பாவைக் கொன்றவன் வீட்டைத் தாண்டித்தானே பள்ளிக்குப் போகவேண்டும்? அதற்கு அந்த ஆறு அமர்வில் பதில் இல்லை. செய்தவனை ஊரார் முன் நிறுத்துவதை நான் கைவிட மாட்டேன். முன்னும் பின்னும் துணைக்கு ஆள் வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

வன்னிக்காற்று:
அந்தத் துணை ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது, அண்ணை? ஒரு வருடத் திட்டம் என்று வருகிறார்கள். பெண்கள் வாய் திறக்கிற நேரத்தில் காசு முடிந்து, படங்களோடு அறிக்கை போய்விடும். அதே ஊரில் பிறந்த ஒரு பெண்ணைப் பயிற்றி, பத்து வருடம் அங்கேயே வைத்திருக்கச் சம்மதிக்கிற நிதியாளர் யாரையும் நான் இன்னும் காணவில்லை. தெரிந்தவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.